முடி சூட்டிக்கிட்டவர் ஒருத்தர், நாட்டைப் பெருக்கினவர் வேற ஆளா? லிதுவேனியா பத்தி ஒரு சந்தேகம்

முதுநகர் வலைக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ல துறைமுகத்துப் பக்கம் வலைக்கடை வெச்சிருக்கேன். நூல், கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு, இதுதான் நம்ம யாவாரம். சரித்திரத்துக்கும் எனக்கும் பத்தாங்கிளாஸோட கணக்கு முடிஞ்சுது. ஆனா தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போயிட்டா கடையில ஈ ஓட்டுற வேலைதான். அந்த நேரத்துல மனசுல ஒரு முடிச்சு விழுந்துடுச்சு, அவிழ்க்கத் தெரியல.

எம் பொண்ணு லிதுவேனியாவுல படிக்குது, தலைநகரம் வில்னியஸ்ல. ஜூலை 6-ஆம் தேதி வீடியோ கால்ல வந்து, "அப்பா, இன்னிக்கு இங்க லீவு, ராஜா முடி சூட்டிக்கிட்ட நாள்"னு சொல்லுச்சு. எந்த ராஜாம்மான்னேன். மிந்தவுகாஸாம். 1253-ல முடி சூட்டிக்கிட்டாராம். அந்த நாட்டுக்கு ராஜான்னு முறையா முடி சூட்டிக்கிட்டவர் அவர் ஒருத்தர்தானாம். சரி, தஞ்சாவூர்ல ராஜராஜனுக்கு சதய விழா எடுக்குற மாதிரி போலன்னு விட்டுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு மியூசியத்துல எடுத்த மேப் போட்டோ ஒண்ணு அனுப்புச்சு. 1430 வாக்குல அந்த நாடு எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு காட்டுற மேப்பு. பால்டிக் கடல் பக்கத்துலேர்ந்து கருங்கடல் கரை வரைக்கும் ஒரே கலர் அடிச்சிருக்கான். இன்னிக்கு பெலாரஸ்ங்கிற நாடு முழுசா அதுக்குள்ள, உக்ரைன்ல பெரும்பகுதி, ரஷ்யாவுல ஸ்மோலென்ஸ்க் வரைக்கும். இப்ப லிதுவேனியா 65,300 சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டுல சரியா பாதி!

அந்த மேப்புக்குக் கீழ இருந்த ராஜாக்கள் வரிசையில மிந்தவுகாஸுக்குப் பக்கத்துல இருந்த கலர் துளியூண்டு. பெருசாக்குனவங்கல்லாம் பின்னாடி வந்தவங்க. கெடிமினாஸ், அல்கிர்தாஸ், வீதவுதாஸ். (கெடிமினாஸ்னதும் எனக்கு நம்ம கெடிலம் ஆறுதான் ஞாபகம் வந்துச்சு. மத்த ரெண்டு பேரும் ஏசுதாஸுக்குத் தம்பி மாதிரி இருக்காங்க.) இவங்கள்ல ஒருத்தர் தலையிலயும் முடி ஏறல.

என் கேள்வி இதுதான். முடி சூட்டிக்கிட்ட ஆளுக்கு நாடு சின்னது, நாட்டைப் பெருக்குன ஆளுங்களுக்கு முடி இல்ல. இது எப்படி? சனமும் கம்மி, பாதி ஊரு காடும் சதுப்பு நிலமும்னு பொண்ணு சொல்லுது. அப்படி இருக்க அவ்வளவு நெலத்தை எப்படி வளைச்சாங்க? பொண்ணு படிக்கிறது டேட்டா சயன்ஸ். அதைக் கேட்டா "கூகுள் பண்ணுங்கப்பா"ங்குது. விவரம் தெரிஞ்சவங்க நிதானமா சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

வலைக்கடைத் தம்பிக்கு வணக்கம். முப்பத்தொரு வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். பாடத்திட்டத்தில் லிதுவேனியா ஒரு வரிகூட வராது. எனக்கோ அந்த நாட்டின் மேல் பல வருஷப் பித்து. அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சேந்தமங்கலத்துக் கோப்பெருஞ்சிங்கன், தன் பேரரசனான மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்துச் சிறையில் வைத்தான். 1231 வாக்கில் நடந்தது. போசள மன்னன் நரசிம்மன் இரண்டு தண்டநாயக்கர்களை அனுப்பிச் சோழனை மீட்டதைத்தான் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பேரரசு தளர்ந்தால் குறுநில மன்னன் எப்படித் தலை தூக்குவான் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளை ஒரு தடவை அழைத்துப்போய்க் காட்டினேன். பாதிப் பேர் ஹயக்ரீவர் மலைக்கு ஓடிவிட்டார்கள், பரீட்சை வருகிறதாம்.

மிந்தவுகாஸ் இந்தக் கோப்பெருஞ்சிங்கனின் சமகாலத்தவர். 1219-இல் ஓர் ஒப்பந்தத்தில் லிதுவேனியத் தலைவர்கள் 21 பேர் வரிசையாகக் குறிக்கப்படுகிறார்கள். அவர்களில் ஐந்து பேர் மூத்தவர்கள். மிந்தவுகாஸ் அந்த ஐவரில் ஒருவர், அவ்வளவுதான். அடுத்த முப்பது வருஷத்தில் மற்றவர்களைக் கொன்றும் துரத்தியும் பெண் எடுத்தும் தனியொரு ஆளாக மேலே வந்தார். துரத்தப்பட்ட, உடன்பிறந்தவரின் மகன்கள் சும்மா இருப்பார்களா? அக்கம்பக்கத்து அரசர்களையும், லிவோனியாவிலிருந்த (இன்றைய லாட்வியா, எஸ்டோனியா பக்கம்) ஜெர்மானிய வீரத்துறவிகளையும் சேர்த்துக்கொண்டு அவர்மேல் பாய்ந்தார்கள்.

வீரத்துறவிகள் என்றால் துறவு வாங்கிய போர்வீரர்கள். அப்போது ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு வராத கடைசிக் கூட்டம் இந்த பால்டிக் மக்கள். அவர்களை வாள்முனையில் திருப்புவதற்கென்றே இந்தத் துறவிகள் வந்து கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மிந்தவுகாஸ் அந்த எதிரியிடமே போனார். 1251-இல் ஞானஸ்நானம் பெற்றார். போப் நான்காம் இன்னொசென்ட் அவரை அரசராக ஏற்றார். 1253-இல் முடி வந்தது. அதற்கு விலையாக ஷெமைதியா என்ற மேற்குப் பகுதி நிலங்களைத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தார்.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் முடி என்பது பொற்கொல்லன் செய்து தருகிற சாமான் அல்ல. போப்போ பேரரசரோ அனுமதித்து, ஒரு பிஷப் தலையில் வைத்தால்தான் அது முடி. அதற்கு முதலில் கிறிஸ்தவராக வேண்டும். ஆகவே முடி சூடியவர் பெரியவர், சூடாதவர் சிறியவர் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தத் திருச்சபைக்குள் போனவர், போகாதவர் என்று போடுங்கள்.

எழுதிக் கொடுத்த நிலத்தில் இருந்த ஷெமைதியர்கள் "எங்களைக் கேட்டா கொடுத்தீர்கள்?" என்று வாள் எடுத்தார்கள். 1260-இல் துர்பே ஏரிக்கருகே துறவிகளை அடித்து நொறுக்கினார்கள். அதன்பின் மிந்தவுகாஸும் துறவிகளோடு உறவை முறித்துக்கொண்டார். 1263-இல் அவருடைய உறவினன் திரெனியோதாவும், தாவுமந்தாஸ் என்ற தலைவனும் சேர்ந்து அவரையும் இரண்டு மகன்களையும் கொன்றார்கள். அரசி மோர்தா இறந்ததும், துக்கத்துக்கு வந்த அவள் தங்கையை மிந்தவுகாஸ் தன்னிடமே வைத்துக்கொண்டாராம். அவள் தாவுமந்தாஸின் மனைவி. வினை அங்கே விதைக்கப்பட்டது. கொன்றவன் என்ன ஆனான் தெரியுமா? ரஷ்யப் பக்கம் ஓடி, ப்ஸ்கோவ் நகரில் ஞானஸ்நானம் பெற்று, அந்த ஊருக்கே தலைவனாகி, கடைசியில் புனிதராக வணங்கப்பட்டான்!

ஐம்பது வருஷம் தாண்டி கெடிமினாஸுக்கு வருவோம். 1316 முதல் 1341 வரை. இவர்தான் நிஜமான கட்டடக்காரர். 1323-இல் வில்னியஸிலிருந்து லூபெக், ஸ்ட்ரால்சுண்ட், ரோஸ்டாக் போன்ற ஜெர்மன் நகரங்களுக்குக் கடிதம் எழுதினார். வில்னியஸ் என்ற பெயர் எழுத்தில் முதலில் வருவதே இந்தக் கடிதங்களில்தான். என்ன எழுதினார்? வணிகர்களே வாருங்கள், கொல்லர்களே வாருங்கள், செருப்புத் தைப்பவர்களே, தோல் பதனிடுபவர்களே வாருங்கள். சுங்கம் கிடையாது, உழவர்களுக்குப் பத்து வருஷம் வரி கிடையாது. இன்றைக்கு மாநில அரசுகள் தொழில் மாநாடு நடத்திச் சொல்கிற அதே பாட்டு.

அந்தக் கடிதங்களில் அவர் தன்னை "லிதுவேனியர்களுக்கும் ருத்தேனியர் பலருக்கும் அரசன்" என்றுதான் குறிப்பிடுகிறார். ருத்தேனியர் என்றால் இன்றைய பெலாரஸ், உக்ரைன் பக்கத்து ஸ்லாவ் மக்கள். தலையில் முடி இல்லை, கையெழுத்தில் அரசர். ஞானஸ்நானம் பெறுவார் என்று எதிர்பார்த்து வந்த போப்பின் தூதர்களிடம், அவரவர் தங்கள் முறைப்படி கடவுளை வணங்குகிறார்கள், நாங்கள் எங்கள் முறைப்படி வணங்குகிறோம், கடவுள் ஒருவரே என்ற பொருளில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். வள்ளலார் பிறந்த மருதூர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது.

நிலம் எப்படி வந்தது? அவர் பெண்களைப் பாருங்கள். ஒருத்தி போலந்து இளவரசனுக்கு, ஒருத்தி ரஷ்யப் பக்கத்து த்வேருக்கு, ஒருத்தி மாஸ்கோவுக்கு, ஒருத்தி இன்றைய உக்ரைன் பக்கத்துக் கலீசியா–வோலினுக்கு. மகன் அல்கிர்தாஸுக்கு வித்தெப்ஸ்க் இளவரசியைக் கட்டிவைத்தார். அந்த மாமனாருக்கு ஆண் வாரிசு இல்லை, 1320-இல் அவர் இறந்ததும் வித்தெப்ஸ்க் மாப்பிள்ளை கைக்கு வந்தது. பெண்கள் எல்லாம் போன இடத்தில் கிறிஸ்தவப் பெயர் வாங்கிக்கொண்டார்கள். அப்பா மட்டும் பழைய தெய்வங்களோடேயே இருந்தார்.

இதற்கெல்லாம் அடியில் இருந்த காரணம் ஒன்று. 1240-இல் மங்கோலியர் கீவ் நகரைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தப் பக்கத்துச் சிற்றரசுகள் எல்லாம் யாருக்குக் கப்பம் கட்டுவது என்று திகைத்து நின்றன. சோழன் தளர்ந்தபோது சேந்தமங்கலத்தில் நடந்தது அங்கேயும் நடந்தது. கோப்பெருஞ்சிங்கன் மகனோடு அந்த வம்சம் முடிந்துபோனது, கெடிமினாஸ் பிள்ளைகள் தழைத்தார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். கண் வலிக்கிறது, மீதியை யாராவது தொடருங்கள்.

பாகூர் ஏரிக்கரை:

வாத்தியாரே, கோப்பெருஞ்சிங்கனை லிதுவேனியா வரைக்கும் இழுத்துட்டுப் போனீங்க பாருங்க, அங்க நிக்கிறீங்க. நான் புதுச்சேரிக்காரன். கம்ப்யூட்டர்ல ராஜ்ஜியம் புடிக்கிற கேம் ஆடி ஆடித்தான் எனக்கு இந்த ஊரு தெரியும். கேம்ல லிதுவேனியாவை எடுத்தா முதல் அம்பது வருஷம் மூச்சு முட்டும். மேற்கால ஜெர்மன் துறவிங்க வருஷா வருஷம் வந்து கொளுத்துவாங்க, கெழக்கால மங்கோலியன். ஏன் கேம் இப்படின்னு தேடிப் போய்த்தான் படிக்க ஆரம்பிச்சேன்.

கெடிமினாஸுக்கு அப்புறம் நாடு உடைஞ்சிருக்கணும். ஏழு பசங்க. நடுவுல ஒருத்தன், யவ்னுதிஸ், அப்பா எடத்துல உக்காந்தான். 1345-ல அண்ணன் தம்பி ரெண்டு பேர், அல்கிர்தாஸும் கெஸ்துதிஸும், பேசி வெச்சுக்கிட்டு அவனை எறக்கிட்டாங்க. இதுவரைக்கும் எல்லா வீட்லயும் நடக்குறதுதான். ஆச்சரியம் என்னன்னா அதுக்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம் இந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கல. அல்கிர்தாஸ் வில்னியஸ்ல உக்காந்து கெழக்கைப் பாத்துக்கிட்டார். கெஸ்துதிஸ் திராக்காய்ல உக்காந்து மேற்கால ஜெர்மன்காரனைத் தடுத்தார். ஒருத்தர் முதுகை இன்னொருத்தர் காத்தாங்க. அல்கிர்தாஸ் நிம்மதியா 1362 வாக்குல நீலத்தண்ணி ஆத்துக்கிட்ட மங்கோலியப் படையை அடிச்சு, கீவ்ல தன் மகனை உக்கார வெச்சார். மாஸ்கோ வாசல்ல ரெண்டு தடவை போய் நின்னார், 1368, 1370. ரெண்டு தடவையும் கோட்டை விழல, அது வேற கதை.

எனக்குப் புடிச்சவர் கெஸ்துதிஸ்தான். 1361-ல துறவிங்க அவரைப் புடிச்சு மரியன்பர்க் கோட்டையில அடைச்சுட்டாங்க. ஆறு மாசத்துக்கு மேல. சாப்பாடு கொண்டு வர்ற வேலைக்காரன் ஆல்ஃப்னு ஒருத்தன், சின்ன வயசுலயே புடிச்சுட்டு வந்து மதம் மாத்தின லிதுவேனியன். ரெண்டு பேரும் தாய்மொழியில பேசிக்கிட்டாங்க, சோலி முடிஞ்சுது. சொவத்துல ஓட்டை, துறவி மாதிரி வெள்ளை அங்கி, பெரிய தலைவரோட குதிரை, அப்படியே ஓடியே போயிட்டாங்க. இதை சினிமாவுல வெச்சா லாஜிக் இல்லைன்னு சொல்லுவோம்.

சரி, வலைக்கடை அண்ணன் கேள்விக்கு வர்றேன். அவ்வளவு நெலத்தை எப்படி வெச்சுக்கிட்டாங்க? புடிச்சதைவிட வெச்சுக்கிட்டதுதான் பெரிய விஷயம். வாத்தியார் அதைத் தொடல.

நீங்க கடலூர்லேர்ந்து புதுச்சேரி வர்றீங்க. ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி கொஞ்ச தூரம் தமிழ்நாடு, முள்ளோடை வந்தா புதுச்சேரி. போர்டைப் பாக்காமலே தெரியும், வரிசையா என்ன கடைன்னு எல்லாருக்கும் தெரியும். உள்ளால பாகூர் பக்கம் வந்தா இந்த வயல் அவங்களுது, அந்த வயல் எங்களுது. 1954-ல பிரெஞ்சுக்காரன் போனான், 1962-ல கையெழுத்தும் ஆச்சு. ஆனா 1881 சட்டப்படி பிரெஞ்சு சட்டத்துக்கு எழுதிக் குடுத்த குடும்பங்களுக்கு, ரெனோன்சான்னு சொல்லுவாங்க, இன்னிக்கும் பாகப்பிரிவினை, வாரிசு எல்லாம் பிரெஞ்சு சிவில் சட்டப்படிதான். டெல்லிக்காரன் அதுல கை வைக்கல. எங்க பெரியப்பா வீட்ல பங்கு பிரிச்சப்ப வக்கீல் பழைய பிரெஞ்சுப் பத்திரத்தைப் புரட்டுனதை நானே பாத்தேன்.

லிதுவேனியாக்காரன் பண்ணது அதேதான். "பழசை இடிக்க மாட்டோம், புதுசைப் புகுத்த மாட்டோம்", இதுதான் அவங்க கொள்கை. போலோட்ஸ்க்கா (அவங்க கைக்கு வந்த ஸ்லாவ் ஊரு), உன் சர்ச் இருக்கட்டும், உன் சட்டம் இருக்கட்டும், உன் பணக்காரன் இருக்கட்டும். மேல எங்க வீட்டுப் பையன் ஒருத்தன் உக்காருவான், வரியும் படையும் எங்களுக்கு. அந்தப் பையன் ஊரோட சேந்து அவங்க கோயிலுக்கே போய் ஞானஸ்நானம் வாங்கிப்பான். மங்கோலியனுக்குக் கப்பம் கட்டுறதுக்கு இது தேவலைன்னு ஊர்க்காரங்க நெனச்சா ஆச்சரியமா?

ஆபீஸ் மொழிகூட அவங்க மொழி இல்ல. கணக்கு, உத்தரவு எல்லாம் ருத்தேனிய ஸ்லாவ் மொழியில. லிதுவேனிய மொழியில முதல் புத்தகம் அச்சானதே 1547-ல, அதுவும் அடுத்த நாட்டுல, கோனிக்ஸ்பர்க்ல. நாட்டை ஆண்டவன் மொழி வீட்டுக்குள்ளயும் காட்டுக்குள்ளயும் மட்டும் இருந்துச்சு.

ஒண்ணு சொல்லிக்கிறேன், கோச்சுக்காதீங்க. உங்க கடலூர்ல 1690-ல இங்கிலீஷ்காரன் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்கிட்ட வாங்குனப்ப, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் எனக்குன்னு எழுதி வாங்குனான். குண்டு கிராமம்னு பேரே நின்னுடுச்சு. லிதுவேனியாவுல அளவுகோல் வேற: பொண்ணை எங்க கட்டிக் குடுத்தோமோ அது வரைக்கும்!

முதுநகர் வலைக்கடை:

வாத்தியார் ஐயா, பாகூர் தம்பி, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. ஐயா எழுதினதைப் பிரிண்ட் எடுத்து கல்லாவுல வெச்சிருக்கேன். குண்டு கிராமம் கதை எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன், அதனால கோவமெல்லாம் இல்ல. முள்ளோடைக் கடைங்க பத்திப் பேசுனதுக்குத்தான் எங்க வீட்ல இதைப் படிச்சுட்டு ஒரு மாதிரி பாத்தாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, அண்ணன் தம்பி ஒத்துமையா இருந்தாங்கன்னீங்க. பொண்ணு போன வாரம் திராக்காய் கோட்டைக்குப் போச்சு. ஏரிக்கு நடுவுல செங்கல் கோட்டை, பாலத்துல நடந்து போகணுமாம். அங்க கைடு, கெஸ்துதிஸை அண்ணன் மகனே கொன்னுட்டான்னு சொன்னாராம். அது எந்த அண்ணன்? அல்கிர்தாஸா? ரெண்டாவது, மேப்புல கடைசியா இருக்குற வீதவுதாஸுக்கு முடி வரவே இல்லையா? இவர் காலத்துலதான எல்லாரும் கிறிஸ்தவங்க ஆயிட்டாங்க, வாத்தியார் சொன்ன கணக்குப்படி அவருக்கு வந்திருக்கணுமே.

நெல்லிக்குப்பம் டிரெய்லர்:

அண்ணே, நான் நெல்லிக்குப்பம். இப்ப லிதுவேனியாவுல டிரெய்லர் ஓட்டுறேன், ரெண்டு வருஷமாச்சு. கவுனாஸ்ல லோடு ஏத்தி ஜெர்மனி, பிரான்ஸ்னு போயிட்டே இருப்பேன். படிச்சவன் இல்ல, ஆனா இங்க இந்த ராஜாக்கள்கிட்டேர்ந்து தப்பிக்க முடியாதுண்ணே. எங்க யார்டுல ரெண்டு கெடிமினாஸ், மூணு மிந்தவுகாஸ். எல்லா ஊர்லயும் வீதவுதாஸ் தெரு. கடையில போய்த் தண்ணி கேட்டா வீதவுதாஸ்னு ஒரு மினரல் வாட்டர், பிர்ஷ்டோனாஸ்ங்கிற ஊர் ஊத்து. மொதத் தடவை தெரியாம வாங்கி ஒரு மடக்கு குடிச்சேன். நம்ம முதுநகர் போர் தண்ணி கெட்டுது போங்க, அவ்வளவு உப்பு! இவங்க மருந்துன்னு குடிக்கிறாங்க. இப்ப எனக்கும் பழகிடுச்சு.

கவுனாஸ் பேஸ்கட்பால் டீம் பேரு ஜல்கிரிஸ். மேட்ச் அன்னிக்கு ஊரே பச்சை சட்டை போட்டுக்கும். அது ஏதோ காட்டு பேருன்னு நெனச்சேன், மெக்கானிக்தான் சொன்னார், சண்டை நடந்த எடத்தோட பேருன்னு. 1410 ஜூலை 15. போலந்துக்காரங்க கிருன்வால்ட்னு சொல்ற எடம். துறவிங்க படையோட பெரிய தலைவரே அன்னிக்குச் செத்தார். லிதுவேனியப் படைக்குத் தலைமை வீதவுதாஸ், போலந்துப் படைக்கு அவரோட பெரியப்பா மகன் யொகைலா. அந்த யொகைலா அப்பாதான் அல்கிர்தாஸ். நீங்க கேட்ட "அண்ணன் மகன்" இவன்தான். 1382-ல சித்தப்பா கெஸ்துதிஸையும் அவர் மகன் வீதவுதாஸையும் பேச்சுவார்த்தைன்னு கூப்பிட்டுப் புடிச்சான். கெஸ்துதிஸ் கிரேவா கோட்டையில செத்துக் கெடந்தார். வீதவுதாஸ் பொண்டாட்டியோட வேலைக்காரி துணியைப் போட்டுக்கிட்டுத் தப்பிச்சார். அப்பன் துறவி வேஷம், மகன் பொம்பளை வேஷம்.

அதே யொகைலாவும் வீதவுதாஸும் இருபத்தெட்டு வருஷம் கழிச்சு ஒரே களத்துல பக்கம் பக்கமா நின்னாங்கன்னா பாத்துக்கோங்க. நடுவுல வீதவுதாஸ் ரெண்டு தடவை ஜெர்மன் துறவிங்ககிட்டயே போய்ச் சேந்து திரும்பி வந்தவர். மெக்கானிக்குக்கு யொகைலா பேரைச் சொன்னா மூஞ்சி மாறும். ஆனா போலந்து பார்டர் தாண்டி சுவால்கியில டீசல் போடுறப்ப அங்க அவர்தான் பெரிய ராஜா, யகியெவோன்னு சொல்றாங்க.

இன்னொண்ணு, சதுப்பு நிலம் பத்திக் கேட்டீங்களே. மார்ச் கடைசியில பனி உருகுறப்ப ரோட்டைவிட்டு ஒரு அடி எறக்கினா டயர் இழுத்துக்கும். லாரிக்கே இப்படின்னா இரும்புச் சட்டை போட்ட குதிரைக்காரன் கதி என்ன? அதான் அந்தத் துறவிங்க நல்லாக் குளிர்ல எல்லாம் உறைஞ்ச பிறகுதான் வருவாங்களாம், இல்ல நல்லாக் காஞ்ச கோடையில. எந்த வழி போனா தண்ணி கிடைக்கும், குதிரைக்குப் புல்லு எங்க, எங்க தங்கலாம்னு நூறு ரூட்டு எழுதி வெச்சிருந்தாங்களாம். எங்க கம்பெனி குடுக்குற ரூட் ஷீட் மாதிரியே. பாப்பா வில்னியஸ்ல இருந்தா ஏதாவது ஒதவின்னா சொல்லுங்கண்ணே, மாசத்துல ரெண்டு தடவை அந்தப் பக்கம் வருவேன்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:

நெல்லிக்குப்பத்துத் தம்பி, நான் நூலகத்தில் தேடியதை நீங்கள் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே கற்றிருக்கிறீர்கள். எனக்குப் பொறாமை.

யொகைலாவை வில்லன் ஆக்க மட்டும் நான் ஒப்பமாட்டேன். சித்தப்பாவின் ரத்தம் அவர் கணக்கில்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் 1385-இல் அவர் முன்னால் இருந்தது என்ன? வருஷா வருஷம் எல்லையைக் கொளுத்தும் துறவிகள். அவர்களுக்கு உதவ மேற்கு ஐரோப்பாவின் பிரபு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏதோ வேட்டைக்கு வருவதுபோல் வந்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு இங்கிலாந்துக்கு நான்காம் ஹென்றியாக ஆன பிரபுகூட 1390-இல் வில்னியஸ் முற்றுகைக்கு வந்தவர்தான். "கிறிஸ்தவரல்லாதவரை அடிக்கிறோம்" என்ற ஒற்றைச் சாக்கு இருக்கும்வரை இது நிற்காது. போலந்தில் யத்விகா என்ற சிறுமி அரியணையில் இருந்தாள். யொகைலா கிரேவாவில் உறுதி எழுதிக் கொடுத்து, 1386 பிப்ரவரியில் ஞானஸ்நானமும், மூன்று நாளில் திருமணமும், மார்ச்சில் போலந்து முடியும் பெற்றார். மறுவருஷம் வில்னியஸில் புனித நெருப்புகளை அணைத்து மக்களை மதம் மாற்றினார். வந்தவர்களுக்கெல்லாம் கம்பளிச் சட்டை கொடுத்தார்கள் என்று போலந்து வரலாற்றாசிரியர் துவுகோஷ் எழுதுகிறார். இலவச வேட்டி சேலை நமக்குப் புதிதா என்ன? துறவிகளின் சாக்கு அத்துடன் போயிற்று. அவர்கள் தாக்குதலை மட்டும் நிறுத்தவில்லை, அதனால்தான் கிருன்வால்ட்.

ஆக, மிந்தவுகாஸுக்குப் பிறகு முடி சூடிய லிதுவேனியர் உண்டு. சூடியது அடுத்த நாட்டின் முடியை. சொந்த நாட்டின் ஆட்சியை 1392-இல் வீதவுதாஸிடம் விட்டுக்கொடுத்தார். பெயருக்குத் தான் மேலே, நடைமுறையில் வீதவுதாஸ் வைத்ததே சட்டம்.

வீதவுதாஸின் முடி கதை கேட்டீர்கள். 1399-இல் அவர் பேராசைப்பட்டு வோர்ஸ்க்லா ஆற்றங்கரையில் தார்த்தாரியரிடம் (மங்கோலியர் வழிவந்த படையினர்) படுதோல்வி அடைந்தார். அங்கேயே முடிந்திருக்க வேண்டியவர், எழுந்து நின்று ஸ்மோலென்ஸ்கை மறுபடி பிடித்து, பதினோரு வருஷத்தில் கிருன்வால்ட் களத்துக்கு வந்தார். 1429-இல் லுட்ஸ்க் நகரில் அரசர்கள் கூடினார்கள். புனித ரோமானியப் பேரரசராகப் போகிற சிகிஸ்முண்ட், "உங்களுக்கு லிதுவேனிய அரசர் பட்டம் தருகிறேன், முடி அனுப்புகிறேன்" என்றார். போலந்துப் பிரபுக்கள் கொதித்தார்கள். லிதுவேனியாவுக்குத் தனி அரசர் வந்தால் இரண்டு நாடும் பிரிந்துவிடும் என்பது அவர்கள் பயம். சிகிஸ்முண்டுக்கும் அந்த ஆசைதான், அதனால்தான் அவ்வளவு தாராளம்.

1430 செப்டம்பர் 8 என்று நாள் குறித்தார்கள். விருந்தாளிகள் வில்னியஸில் வந்து குவிந்தார்கள். முடி கொண்டு வந்த தூதர்களைப் போலந்துக்காரர்கள் வழியில் மறித்துவிட்டார்கள். கிழவர் வீதவுதாஸ் காத்திருந்தார். வயது எண்பதைத் தொட்டிருக்கும். அக்டோபர் 27 அன்று திராக்காயில் இறந்துபோனார். உங்கள் பெண் நடந்துபோன அந்த ஏரிக்கோட்டை ஊரில்தான்.

பாகூர் ஏரிக்கரை:

ஆல்பேட்டை செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்துற மாதிரி ராஜா கிரீடத்தையே நிறுத்திட்டானுங்க. கேம்ல இந்த ஈவென்ட் வர்றப்ப நான் எப்பவும் போலந்தோட சண்டைக்குப் போயிடுவேன், தோத்துடுவேன். வீதவுதாஸ் போகல. எண்பது வயசுல போய் என்ன பண்றது.

முதுநகர் வலைக்கடை:

ஐயா எழுதினதை நேத்து ராத்திரி பொண்ணுகிட்ட போன்ல படிச்சுக் காட்டுனேன். முடி வழியில நின்ன எடம் வரும்போது, "அப்பா, நான் அந்தக் கோட்டையில ஏரியைப் பாத்துக்கிட்டு கிபினாய் தின்னுட்டு இருந்தேன், இது தெரியாது"ன்னுச்சு. கிபினாய்னா சோமாசி மாதிரி உள்ள கறி வெச்சது. அந்த ஊர்ல கராயிம்னு ஒரு சனம் செய்யுறதாம். அவங்களைக் கிரீமியாவுலேர்ந்து கூட்டி வந்து குடி வெச்சதும் இதே வீதவுதாஸ்தானாம். இது பொண்ணு எனக்குச் சொன்னது, ஐயாவுக்குத் தெரியாததை நாங்களும் ஒண்ணு சொல்லணும்ல.

நெருப்புக்கு அங்க "உக்னிஸ்"னு சொல்றாங்களாம், அக்னி மாதிரி. அது ஏன்னு அடுத்து ஒரு கேள்வி போடுறேன், இப்ப வேணாம், ஐயாவுக்குக் கண் வலி.

நெல்லிக்குப்பம் தம்பி, ஒதவின்னு கேட்டதால சொல்றேன். அடுத்த மாசம் ஊருக்கு லீவுல வந்தா கடைக்கு வாங்க. பொண்ணுக்கு நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ குடுத்து விடணும். விமானத்துல விடுவானான்னு தெரியல, போலந்துக்காரன் மாதிரி எவனும் நடுவுல மறிக்காம இருந்தா சரி.